அப்பாலே சொன்ன நாலு சண்டை

ராயபுரத்தில் அவரிடம் முகம் மழித்துக்கொண்டவர்களில், தாம் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்தவர் ஒருவரும் கிடையாது. ஹைகோர்ட்டு ஜட்ஜே வந்து உட்கார்ந்திருந்தாலும், "நேத்து சாயங்காலம் எங்க இருந்தே நைனா?" என்றுதான் ஆரம்பித்திருப்பார். கையில் கத்தி வைத்திருப்பவர் கேட்கும்போது யார்தான் பதில் சொல்லாமல் இருப்பார்கள்?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த புதிது. துறைமுகத்தை ஒட்டி, சரக்குகளை ஏற்றி இறக்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை. தங்கியிருந்தது ராயபுரம் ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை அறை. சந்தின் முனையில் ஒரே ஒரு நாற்காலி போட்ட சலூன். பெயர்ப்பலகையை உப்புக் காற்று எப்போதோ தின்றுவிட்டது. கடைக்காரரின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'அப்பாலே'.

அந்தப் பெயர் வந்த காரணம் அவருடைய கதைகள். சோப்பு நுரையைப் பூசும்போதே கதை ஆரம்பமாகிவிடும். பேய், கொலை, கடத்தல், காணாமல்போன கப்பல் என்று மர்மம் இல்லாத கதையே அவரிடம் கிடையாது. வலது கன்னத்தில் கதாநாயகன் வருவான். இடது கன்னத்தில் வில்லன். கத்தி தொண்டைக்கு வரும்போது, இருட்டில் ஒரு கதவு திறக்கும். அந்த இடத்தில் கை நின்றுவிடும். கத்தியைத் தோல்வாரில் தீட்டுவதற்கென்று சாவகாசமாக நகர்ந்து போவார். நாற்காலியில் இருப்பவரும், பெஞ்சில் காத்திருப்பவர்களும் ஒரே குரலில் "அப்பாலே?" என்று கத்துவார்கள். கத்தாவிட்டால் திரும்பி வரமாட்டார்.

ஒரு தடவை துறைமுகத் தொழிலாளி ஒருவர், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் எழுந்து ஓடினார். ஒரு கன்னம் பளபளவென்றும் ஒரு கன்னம் புதர் மாதிரியும் இருந்த அவரை வாசலிலேயே மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். மனுஷர் நேரே சலூனுக்கு வந்தார். "கூலி போனா போவுது. அந்தக் கதவ தொறந்தது யாரு? அத்த சொல்லு மொதல்ல" என்றார்.

கதை சொல்வது பாதி நேரம்தான். மீதி நேரம் சந்தேகப்படுவார். கடையில் இரண்டு கண்ணாடிகள். ஒன்று வாடிக்கைக்காரருக்கு. இன்னொன்றைச் சுவரில் சாய்த்து மாட்டியிருந்தார். அதில் வாடிக்கைக்காரர் தெரியமாட்டார், தெரு தெரியும். நம் முகத்தை மழித்துக்கொண்டே தெருவில் போகிறவர்கள் மீது வழக்குத் தொடுத்துக்கொண்டிருப்பார். "தபால்கார் இன்னிக்கு இன்னாத்துக்கு சிரிச்சிகினே போறாரு?" "அந்தம்மா கொடத்துல தண்ணி இல்ல, கனம் வேற தினுசா கீது." இட்லி விற்பவள் வந்தால், முதல் இட்லியில் ஒரு விள்ளல் அவளே தின்று காட்ட வேண்டும். அவள் தினமும் தின்று காட்டிவிட்டு, அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு போவாள்.

எதிர்ச்சாரியில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். பெரிய மீசைக்காரர். ஏதோ வேண்டுதல் என்று ஒருநாள் வந்து உட்கார்ந்து, "எடுத்துரும்வே" என்றார். அப்பாலே மீசையை எடுத்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: தூத்துக்குடியிலிருந்து அண்ணாச்சியைத் தேடி ஆள் வருகிறது, அதனால்தான் முகத்தை மாற்றிக்கொண்டார். மறுநாள் தண்டையார்பேட்டை கிடங்கில் அவருக்குக் கடனுக்குச் சரக்கு தர மறுத்துவிட்டார்கள். அண்ணாச்சியின் மனைவி விளக்குமாற்றோடு சலூன் வாசலில் வந்து நின்றார்.

"எங்க வீட்டு ஆளை எவன்வே தேடுதான்? அவன் மூஞ்சியைக் காட்டும் பாப்போம்!"

அப்பாலே சற்றும் கலங்கவில்லை. என் காதருகே குனிந்து, "பாத்தியா, எவ்ளோ கோவம் வருது? உள்ளாற விசயம் இல்லாம கோவம் வருமா?" என்றார்.

அந்தக் காலத்தில் நானும் ஒரு மர்மக் கதை எழுதி வைத்திருந்தேன். பத்திரிகைக்கு அனுப்பி, திரும்பி வந்துவிட்டது. அப்பாலே முடி வெட்டும்போது அதைப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே கடற்கரையில் ஒரு பிணம். பிறகு இன்னொரு பிணம். ஒட்டுத்தாடி, சுரங்கப்பாதை, விஷம் தடவிய வெற்றிலை, எதையும் நான் விட்டுவைக்கவில்லை. படித்து முடித்தபோது கத்திரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. மெய்மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பொணம் கீது, சுரங்கம் கீது. சண்டை எங்கப்பா?"

"கடைசியில் துப்பாக்கிச் சண்டை வருகிறதே?"

"அது சத்தம், ரைட்டரே. நான் கேக்கறது சண்டை. பொணத்துக்கு யாரோட இன்னா தகராறு?" என்றவர், சீப்பால் என் தலையைத் தட்டித் தட்டிப் பாடம் எடுத்தார். "சண்டை நாலு தினுசு. ஒண்ணு, ஆளுக்கும் ஆளுக்கும். அது சுளுவு, எவன் வேணா எழுதலாம். ரெண்டு, ஆளுக்கும் கடலுக்கும். காத்து, மழை, காலரா எல்லாம் அதுல சேத்தி. மூணு, ஆளுக்கும் ஊருக்கும். தெரு மொத்தமும் ஒரு பக்கம், அவன் ஒண்டியா ஒரு பக்கம். நாலாவது..."

கத்திரிக்கோலை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். என்னையறியாமல் "அப்பாலே?" என்று கத்தினேன்.

"நாலாவது உள்ளாற நடக்கறது. அவனுக்கும் அவனுக்குமே. ஒரு மனசு போன்னுது, ஒரு மனசு போவாதேன்னுது. எந்த மனசு கெலிக்கும்னு கேக்கறவனுக்குக் கடைசி வரிக்கும் தெரியக்கூடாது. அதான் மர்மம். ஆனா மெய்யாலுமே சொல்றேன், நாலாவது சண்டைக்கு மட்டும் எனக்கே இன்னும் ஒரு கதை சரியா மாட்டல."

வீட்டுக்குப் போய் நாலு சண்டையையும் சேர்த்துத் திருத்தி எழுதி அனுப்பினேன். முதல் தடவையைவிட வேகமாகத் திரும்பி வந்தது. அப்பாலேயிடம் சொன்னபோது, அந்தப் பத்திரிகை ஆசிரியர் மீது தமக்கு நெடுநாளாகவே சந்தேகம் என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணாச்சி கடை மாடி அறைக்கு ஒரு புது மனிதர் குடிவந்தார். நாற்பது வயது இருக்கும். ஒடிசலான, கறுத்த உருவம். யாரோடும் பேசமாட்டார். தண்டையார்பேட்டையில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை எடை போடும் வேலை. அதை முடித்துவிட்டு அறைக்குள் போனால் கதவு சாத்திக்கொள்ளும். பெயர் கேட்டதற்கு, கேட்டது காதில் விழாதவர் மாதிரிப் போய்விட்டார். தெரு அவருக்கு 'மௌனசாமி' என்று பெயர் வைத்தது.

பெயர் சொல்லாத ஒருவர், அதுவும் கண்ணாடியில் தெரியும் தூரத்தில்! அப்பாலேக்குப் பல நாள் பட்டினிக்குப் பிறகு விருந்து கிடைத்த மாதிரி ஆயிற்று. சில வாரங்களில் அவர் கண்டுபிடித்த சங்கதியைக் கேட்டு நானே ஆடிப்போய்விட்டேன்.

"ரைட்டரே, அவன் தாடி வளக்கறான் இல்ல? வாரக்கணக்குல காடு மாதிரி உட்டுடறான். ஆனா ரங்கூன் கப்பல் வர்ற அன்னிக்கு மட்டும் டாண்ணு வந்து குந்தறான். 'சுத்தமா எடுத்துருங்க'ன்றான். வேற எந்தக் கப்பலுக்கும் வர்றதில்ல. அப்பறம் நேரா ஹார்பர் கேட்டு. யாருக்கு அடையாளம் காட்டறான்? இன்னா எறங்குது?"

உண்மையில் அது சரியாகவே இருந்தது. ரங்கூன் கப்பல் எப்போது வருகிறது என்பது எங்கள் கம்பெனியில் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் எல்லாம் மௌனசாமி மழுமழு முகத்தோடு துறைமுக வாசலில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

அப்பாலேயின் புதுக் கதை அன்றே அரங்கேறியது. கதாநாயகன் பெயரில்லாத ஆள். கப்பலிலிருந்து மீன் கூடையில் தங்கம் வருகிறது. மாடி ஜன்னலிலிருந்து கடலைப் பார்த்து விளக்குக் காட்டுகிறான். பெஞ்சு நிரம்பி வழிந்தது. கத்திவாக்கத்திலிருந்துகூட வலைக்காரர்கள் முடி வெட்டிக்கொள்ள வந்தார்கள். கதையில் பெயர் சொல்லவில்லையே தவிர, கேட்டவர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி எதிர் மாடியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

அப்போது பக்கத்துக் கிடங்கிலிருந்து துணி மூட்டைகள் காணாமல் போயின. துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், விஷயம் பெரிதாகிவிட்டது. போலீஸ் வந்து கையில் கிடைத்த இளவட்டங்களை அள்ளிக்கொண்டு போனது. அவர்களில் ஒருவன் காசிமேட்டு மாரியின் தம்பி. மாரி கட்டுமரக்காரர், ஆறடி உயரம், அப்பாலேயின் கதைகளுக்குப் பரம ரசிகர். தம்பியைப் பார்க்கப் போனவர், அடிபட்டு வீங்கிய அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கதையில் வந்த கடத்தல்காரன்தான் துணியையும் எடுத்திருப்பான் என்று முடிவுகட்டி, தெருவில் நின்று அவர் கேட்டது ஒரே கேள்வி: "எங்க அவன், கப்பலுக்கு வெளக்கு காட்டறவன்?"

அன்று ரங்கூன் கப்பல் வரும் நாள். நான் சலூன் பெஞ்சில் இருந்தேன். மௌனசாமி நாற்காலியில். வலது கன்னம் முடிந்து, இடது கன்னத்தில் நுரை இருந்தது. கத்தி தொண்டையருகே வந்தபோது அப்பாலேயின் கை நின்றது. கதை எதுவும் அன்று நடக்கவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் தெருக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தோளில் துடுப்போடு மாரியும், பின்னால் பாதித் தெருவும் வந்துகொண்டிருந்தார்கள்.

அப்பாலேயின் முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன். குனிந்து, அடிக்குரலில் கேட்டார்:

"யோவ், ஜல்தி சொல்லு. கப்பல் வர்ற அன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு மொகத்த வழிக்கிறே?"

அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, எங்களுக்குப் பழக்கமில்லாத சிவகங்கைச் சீமைப் பேச்சில் மெல்லச் சொன்னார்.

"ரங்கூன்ல குண்டு விழுந்தப்ப, கப்பல்துறைக் கூட்டத்துல எம் பொஞ்சாதி கைய விட்டுட்டேன். அவ கப்பல்ல ஏறிட்டான்னு நெனச்சு, நான் காட்டு வழியா நடந்தே வந்தேன். வந்து பாத்தா, அவ வரல. இப்ப பர்மாவுலயே மோல்மேன்ல உசுரோட பாத்ததா ஒருத்தர் சொன்னாரு. என்னைக்காச்சும் வருவா. நடந்து வந்ததுல நான் எளைச்சுக் கறுத்துட்டேன். மொகமாச்சும் அவ பாத்த மாதிரி இருந்தாத்தானே அடையாளம் தெரியும்?"

 வெளியே சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. மௌனசாமி அப்பாலேயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருட்டயும் சொல்லாதீக. முன்னாடி இருந்த எடத்துல சொன்னேன். எவன்கூடப் போனாளோன்னு சிரிச்சாங்க. அவளைப் பத்தி அப்படி இன்னொரு தரம் கேக்க என்னால முடியாது."

அப்பாலே தெருக் கண்ணாடியையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவில் மாரி, நாற்காலியில் இவர். நடுவில் இருந்தவரோ, ஊருக்கே கதை சொல்லிப் பேர் வாங்கிய மனிதர். அந்தப் பேரும் அந்த ஒற்றை நாற்காலியும்தான் அவருக்கு இருந்த சொத்து. நுரை படிந்த கத்தியை மடக்கி மேஜை மேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வாசலில் போய் நின்றார். மாரியின் மார்பு உயரம்கூட இல்லை.

"வெலகு நைனா," என்றார் மாரி. "அவன இட்டுனு போவணும்."

"இன்னாத்துக்கு?"

"நீதானே சொன்னே, கூடையில தங்கம் வருதுன்னு?"

"பொய்."

"மாடியில லைட்டு காட்றான்னியே?"

"அதுவும் பொய். பீடி பத்த வெச்சிருப்பான்."

"அப்ப எதுதான்யா நெசம்?"

"அவனுக்குக் கன்னம் ரெண்டு. ஒண்ணுல சோப்பு காஞ்சிகினு கீது. அதுதான் நெசம். மீதி எல்லாம் பெஞ்சு ரொம்பணும்னு நானா கட்டி உட்டது. அடிக்கணும்னா என்னை அடி."

"அப்ப அவன் யாரு? கப்பலுக்கு இன்னாத்துக்குப் போறான்?"

சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அந்த நிமிஷமே கரைந்து போயிருப்பார்கள். அப்பாலே திரும்பி ஒரு தடவை நாற்காலியைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது. ஆனா திருடன் இல்ல," என்றார். ஊரில் உள்ள ஒவ்வொருவருடைய ரகசியமும் தமக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தெரியாது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மாரி துடுப்பைக் கீழே போட்டார். போட்டுவிட்டு, ஓர் அறை விட்டார். அப்பாலே படியில் விழுந்து, எழுந்து, மறுபடி அதே இடத்தில் நின்றார். இன்னொரு அறை விட மாரிக்குக் கை வரவில்லை. "இத்தினி நாளு எங்களுக்குக் காது குத்திகினு இருந்தியா? த்தூ!" என்று துப்பிவிட்டுப் போனார். கூட்டமும் போயிற்று.

அப்பாலே வந்து கத்தியை எடுத்தார்.  இடது கன்னத்தில் சின்னதாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. படிகாரத்தைத் தேடிக்கொண்டே, "பேஜாரா பூட்ச்சே, அந்தம்மா பாத்தா இன்னா நெனைக்கும்?" என்று அவர் தவித்த தவிப்பு, அறை வாங்கியபோதுகூட இல்லை.

அதற்குப் பிறகு பெஞ்சு காலியாகிவிட்டது. எல்லோரும் பாலத்தருகே இருந்த இன்னொரு சலூனுக்குப் போனார்கள். அண்ணாச்சியின் மனைவி மட்டும், "இப்பம்தான்வே உண்மை பேசியிருக்கீரு" என்று சொல்லித் தினமும் ஒரு டம்ளர் காபி கொடுத்தனுப்பினார். அதை மட்டும் அப்பாலே முகர்ந்து பார்க்காமல் குடித்தார்.

கொஞ்ச நாளில் துணித் திருடனைப் பிடித்துவிட்டார்கள். அந்தக் கிடங்கின் காவல்காரனேதான். அப்பாலே வாழ்க்கையிலேயே சந்தேகப்படாத ஒரே ஆள். "தங்கமான மனுசன்" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். மாரியின் தம்பியை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் மாரி சலூனுக்கு வந்தார்.  நாற்காலியில் உட்கார்ந்து மோவாயை உயர்த்திக் காட்டினார். அப்பாலே கதை எதுவும் தொடங்காமல் நுரையைக் குழைத்தார். வலது கன்னம் முடிந்தது. பிறகு மாரி கரகரத்த குரலில், "பொய்யின்னாலும் பரவால்ல, எதுனா சொல்லு நைனா. பேயி மாதிரி கீது கட" என்றார்.

அன்று முதல் பெஞ்சு மறுபடி நிரம்பியது. ஆனால் ரங்கூன் கப்பல் வரும் நாளில் மட்டும் கடைக்கு விடுமுறை. அந்த மனிதருக்குச் சவரம் செய்துவிட்டு, அப்பாலேயும் கூடவே துறைமுக வாசலுக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் கம்பெனி அருகில்தான் என்பதால் நானும் போய் நிற்பேன். ரங்கூன்காரர் ஒவ்வொரு முகமாக ஆசையோடு பார்ப்பார். அப்பாலே ஒவ்வொரு முகமாகச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

பல கப்பல்கள் வந்து போயின. ஒரு நாள் பயணிகள் முக்கால்வாசி வெளியே வந்துவிட்டார்கள். ரங்கூன்காரர் கம்பி வேலியோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாலே என் விலாவில் இடித்தார்.

"ரைட்டரே, அத்த பாரு. வர்றவங்க எல்லாம் யார்னா வந்துகீறாங்களான்னு தேடறாங்க. அந்தம்மா மட்டும் தரையைப் பாத்துகினே போவுது. தேடித் தேடி உட்டுட்ச்சு போலகீது."

நான் பதில் சொல்வதற்குள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றுவிட்டார். "எம்மா, நில்லு! உன் பேரு இன்னா? உன் ஊட்டுக்காரர் பேரு இன்னா? எந்த ஊரு?" சலூனில் கேட்கிற அதே அதிகாரக் குரல்! அந்தப் பெண் மிரண்டு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் பாய்ந்து வந்து அப்பாலேயின் சட்டைக் காலரைப் பிடித்தார். அந்தப் பெண்ணுக்கும் தைரியம் வந்தது.

"எம் புருசன் பேரு ஒனக்கு எதுக்குய்யா? வழிய விடு!"

வேலியோரம் நின்றவர் திரும்பினார். முகத்தைப் பார்த்துத் திரும்பவில்லை, குரலைக் கேட்டுத் திரும்பினார். அவர் வந்து எதிரே நின்றபோது, அவள் அந்த மழித்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கை தானாக உயர்ந்து அவர் கன்னத்தைத் தொட்டது.

"இப்புடி எளைச்சுப் போயிட்டீகளே" என்றாள்.

 அப்பாலேயின் காலர் அப்போதும் போலீஸ் பிடியில் இருந்தது. "கைய உடு சார்," என்றார் கான்ஸ்டபிளிடம். "கண்ணத் தொடச்சிக்கணும்."

திரும்பி நடந்து வரும்போது அப்பாலே திடீரென்று நின்றார். "ரைட்டரே, அது அவன் பொஞ்சாதிதானே? நல்லா வெசாரிச்சமா?"

சில வருஷங்களில் என்னைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த ஒரே ஆள் அப்பாலே. என் பெட்டியை வைப்பதற்கு முன் வண்டிக்குள் ஏறி, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தார். யாரிடமோ ஊர் கேட்டார், யாரிடமோ தொழில் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. கடைசியில் ஜன்னலோரம் இருந்த ஒரு வயசான மனிதரிடம் குனிந்து என்னவோ ரகசியம் பேசிவிட்டு இறங்கினார். பிளாட்பாரத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வண்டி நகர்ந்ததும் சட்டென்று திரும்பி நடந்துவிட்டார்.

பேசின் பிரிட்ஜ் தாண்டிய பிறகு அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார்.

"தம்பியப் பத்திரமாப் பாத்துக்கோங்கன்னு கண் கலங்கிச் சொல்லிட்டுப் போறாரே. கூடப் பொறந்த அண்ணனா?"

"ஆமாம்" என்றேன்.